பிரவுன் தெருவில் ஒரு வெள்ளைச் சுவர்

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் ஒரு காலை வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, எதிரே வருவதைப் பார்த்தபடி அக்கா உட்கார்ந்திருப்பாள். அந்த பிரேக்கை அவள் மிதிப்பது அபூர்வம். "பிரேக்!" என்று அவள் போடுகிற சத்தமே போதும். கற்றுக்கொள்கிறவர் மட்டுமில்லை, எதிரே வருகிற லாரிக்காரரும் சேர்ந்து மிதித்துவிடுவார் என்று அவளிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவள் பிரேக் அக்கா.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். உங்களுக்கு ஓட்ட வராது என்றால் வராது என்றே சொல்லிவிடுவாள், கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. கணவர் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறார். சத்தம் போடாத வேலை, சத்தம் போடாத மனுஷர். கணவரின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், துணிக்கடையில் பில் போடுகிறாள். கட்டியவனோடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, "உள்ள வா, காலக் கழுவிட்டு சாப்பிடு" என்று சொன்னதோடு அக்கா அந்த விசாரணையை முடித்துவிட்டாள். மூன்று பேரும் ஒரே வீடு.

இப்படி நேர்ப்பேச்சு பேசுகிறவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் தனியாக இல்லை. ஒரு தெருவே சேர்ந்து சொன்ன பொய்.

அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அக்கா பிறந்ததிலிருந்து வாடகை வீடு. கல்யாணம் ஆகியும் வாடகை வீடு. வீட்டுக்காரர்கள் மாறினாலும் அவர்கள் சொல்கிற முதல் வாக்கியம் மாறவே இல்லை: "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க." பேங்க் லோனில் இந்தத் தெருக் கோடியில் இருந்த பழைய வீட்டை வாங்கிக் குடி வந்த அன்று, அக்கா சுத்தியலை எடுத்துக்கொண்டு எல்லா அறையிலும் ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள், அவ்வளவுதான். கணவர், "போதும்மா, வீடு வலிக்குதுன்னு சொல்லப்போகுது" என்றார். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அதற்கப்புறம் வந்த தண்ணீர் வேறு. தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிகிறது. கடைசிப் பள்ளத்தில் இருக்கிற சில வீடுகளில் அக்காவின் வீடும் ஒன்று. குடி வந்த மறு வருஷமே ஒரு பெருமழையில் வாய்க்கால் நிரம்பி வீட்டுக்குள் முழங்காலுக்கு ஏறியது. சரி, நூறு வருஷத்தில் ஒரு முறை நடப்பது என்று தேற்றிக்கொண்டார்கள். அடுத்து ஒரு வருஷம் இடுப்புக்கு ஏறியது. நாத்தனார் மேசை மேல் ஏறி உட்கார்ந்து, மிதந்து போகிற செருப்புகளை விளக்குமாற்றால் இழுத்து இழுத்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு சொல்வாங்க அண்ணி. செருப்பாவது மிஞ்சட்டும்!"

தண்ணீர் வடிந்தது. சுவரில் கோடு நின்றது. அப்போதுதான் தெருச் சங்கத் தலைவர் அந்த யோசனையைச் சொன்னார்.

தலைவர் பஸ் டிப்போவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும். கூட்டம் தொடங்க ஒரு விசில், முடிக்க ஒரு விசில். "நம்ம தெருவுல வெள்ளம் வந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா வீட்டு விலை என்ன ஆகும்? வாடகைக்கு எவன் வருவான்? எல்லாரும் சேர்ந்து ஒரே மாதிரி பெயிண்ட் அடிப்போம். கீழ இடுப்பு வரைக்கும் காப்பிக்கொட்டை கலர், மேல வெள்ளை. கோடும் தெரியாது, தெருவும் அழகா இருக்கும்" என்றார். மொத்தமாக வாங்கியதால் பெயிண்ட் மலிவாகக் கிடைத்தது. வெளியிலும் உள்ளேயும் அடித்தார்கள். அக்காவும் அடித்தாள். வெள்ளம் என்ற வார்த்தையே அந்தத் தெருவில் வழக்கொழிந்தது. "அன்னைக்குக் கொஞ்சம் ஈரமாச்சே" என்பார்கள். இடுப்பளவு ஈரம்.

ஊரோடு ஒத்து வாழ் என்று அக்கா நினைத்தாள். அவள் சுபாவத்துக்கு அது ஒத்துவரவில்லைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களின் பிழைப்பில் மண்ணைப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

வினை வேறு வழியாக வந்தது. லோன் இருக்கும் வரைக்கும் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், அதிலும் வெள்ளத்துக்கும் சேர்த்து இருக்க வேண்டும் என்பது பேங்க் கண்டிப்பு. இரண்டாவது தடவை நஷ்ட ஈடு கொடுத்த கம்பெனி, கொடுத்த கையோடு கையைக் கழுவிக்கொண்டது. பாலிசியைப் புதுப்பிக்க முடியாது என்று ஒரே வரி. பேங்க்கில் மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆனால் பேசிய விஷயம் நல்லதில்லை. "வருஷக் கடைசிக்குள்ள புதுப் பாலிசி கொண்டாந்து குடுத்துடுங்கம்மா. இல்லன்னா லோன முழுசாத் திருப்பிக் கேப்பாங்க. நான் தடுக்க முடியாது."

முழுசாகத் திருப்ப வேண்டும் என்றால் வீட்டை விற்க வேண்டும். விற்றால் மறுபடியும் ஆணி அடிக்காத வீடு. அன்று வீட்டுக்கு வந்து அக்கா சாப்பிடவில்லை. "பசியில்ல" என்றாள். அவளுக்குப் பசியில்லாமல் போனதை அந்தக் குடும்பம் அதுவரை பார்த்ததில்லை. நாத்தனார் பயந்துபோனாள்.

மறுநாளிலிருந்து வேட்டை. ஒரு கம்பெனி விடவில்லை. போன் செய்தால் இனிமையாகத்தான் பேசுவார்கள். முகவரி கேட்பார்கள். சொன்னதும் அந்த இனிமை எங்கே போகும் என்று தெரியாது. "உங்க ஏரியாவுல இப்ப நாங்க எடுக்கறதில்ல மேடம்." ஒரு ஏஜென்ட் நேரில் வருகிறேன் என்று சொல்லித் தெருமுனை வரைக்கும் வந்தார். மாடியிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்கூட்டரை நிறுத்தினார், தெருவைப் பார்த்தார், ஸ்கூட்டரைத் திருப்பினார். இன்னொரு கம்பெனி பாலிசி தருவதாகவே சொன்னது. தீ உண்டு, திருட்டு உண்டு, இடி உண்டு, நிலநடுக்கம் உண்டு. "தண்ணி?" என்று அக்கா கேட்டாள். "அது மட்டும் இல்லீங்க." தலைவலி என்று போனவளுக்குக் காலில் கட்டுப் போட்டு அனுப்புகிற கதை.

"இதுக்கு முன்னாடி தண்ணி வந்திருக்கா?" என்று யாராவது கேட்டால் அக்கா தெருவின் பாடத்தை ஒப்பித்தாள்: "கொஞ்சம் ஈரமாச்சு." சொல்லும்போதெல்லாம் அவளுக்கே தன் குரல் பிடிக்காது. அதற்குப் பிறகு அவர்கள் திரும்பக் கூப்பிட்டதும் இல்லை.

அந்தச் சமயத்தில் அவளிடம் ஒருவர் கார் பழகிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், இன்சூரன்ஸ் ஆபீசில் கோப்புப் பார்க்கிற வேலை. முதல் இரண்டு கியர் போடுவார், நான்காவதும் போடுவார், நடுவில் இருப்பது மட்டும் கைக்கு அகப்படாது. அதனால் அவருக்கு மூணாம் கியர் என்று பெயர். டெஸ்டில் தோற்றுத் தோற்று, டெஸ்ட் எடுக்கிற அதிகாரி அவரைக் கண்டால் குடும்ப நலம் விசாரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அவருடைய கம்பெனியும் அக்காவைத் திருப்பி அனுப்பியதுதான். அதனால் அந்தப் பேச்சை அக்கா காரில் எடுப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிற இடத்தில் கெஞ்சக் கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு.

ஒரு நாள் பெரிய ரோட்டில் ஏதோ வெட்டிப் போட்டிருந்தார்கள். குறுக்கு வழியில் போகலாம் என்று, அக்கா காரைத் தன் தெருவுக்குள் திருப்பச் சொன்னாள். மூணாம் கியர் திருப்பினார். திருப்பிய மறு நொடி, அவள் ஒன்றும் சொல்லாமலே, கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து வண்டியை அழகாக நிறுத்தினார். இத்தனை மாதத்தில் அவர் ஒழுங்காக நிறுத்தியது அன்றுதான்.

"அய்யய்யோ! அக்கா, இது பிரவுன் தெரு!"

"என்னது?"

"எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்வோம். எங்க ஆபீஸ்ல மட்டும் இல்ல, எல்லா கம்பெனியிலயும் தெரியும். இடுப்பு வரைக்கும் பிரவுன் அடிச்சிருக்காங்கல்ல? அதான் அடையாளம். அது வரைக்கும் தண்ணி வந்திருக்குன்னு அர்த்தம். ஏஜென்ட் புதுசா சேர்ந்தா முதல்ல இதத்தான் சொல்லிக்குடுப்பாங்க. பிரவுனப் பாத்தா வண்டியத் திருப்பிடுன்னு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. இவர்கள் மறைத்த இடத்தில் கொடியும் நட்டு வைத்திருக்கிறார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தெரு தன் பெயிண்டால் கெட்டது.

"நான் இங்கதான் குடியிருக்கேன்" என்றாள்.

மூணாம் கியருக்கு முகம் வெளுத்தது. "தெரியாம சொல்லிட்டேன்க்கா. மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல வண்டிய ஓரங்கட்டு. இப்ப சொல்லு. தண்ணி வந்த வீட்டுக்கு எவனும் பாலிசி தர மாட்டானா?" கோபமோ பதற்றமோ வந்தால் அக்கா மரியாதையை விட்டுவிடுவாள். கற்றுக்கொள்கிறவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"தருவாங்கக்கா. தண்ணி வந்த வீட்டுக்குத் தருவாங்க. மறைச்ச வீட்டுக்குத்தான் தர மாட்டாங்க. எவ்வளவு ஆழம்னு தெரியாத தண்ணில யாராவது கால வைப்பாங்களா? இதுக்குன்னே ஒரு சின்ன கம்பெனி இருக்கு. எங்கள மாதிரி பெருசு இல்ல. சர்வேயர் ஒரு மேடம் நேர்ல வருவாங்க. எவ்வளவு தண்ணி வந்துச்சு, அதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு பாப்பாங்க. அவங்களுக்கு சரின்னு பட்டா எழுதிக் குடுத்துடுவாங்க. ஆனா ஒரு பொய் சொன்னீங்கன்னு தெரிஞ்சா அப்பவே எந்திரிச்சுப் போயிடுவாங்க."

அன்றைக்கு வகுப்புக்குக் காசு வேண்டாம் என்று அக்கா சொன்னாள். மூணாம் கியர் பயந்துபோய் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு ஓடினார்.

வீட்டில் அன்று சாயந்திரம் சபை கூடியது. "சுரண்டிடலாம்" என்றாள் அக்கா. "கோடு எங்க இருக்கோ அங்கயே நல்லாத் தெரியற மாதிரி விட்டுடலாம்."

"தெருவோட பகைச்சுக்கிட்டு எப்படி இருக்கறது?" என்றார் கணவர்.

"நாமளே இந்தத் தெருவுல இல்லாமப் போயிட்டா பகைச்சுக்க யாருங்க இருப்பாங்க? வீடு போயிடும்ங்க."

நாத்தனார் அதற்குள் சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்து வந்து சுவரில் சுரண்டத் தொடங்கியிருந்தாள். "அண்ணா, நீ யோசிச்சு முடி. நாங்க இந்தப் பக்கம் முடிக்கிறோம்" என்றாள். கணவர் சிரித்துவிட்டார். பைண்டிங் தகடு ஒன்றை எடுத்து வந்து அவரும் உட்கார்ந்தார். சுரண்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

பிரவுனுக்கு அடியில் கோடுகள் இரண்டும் அப்படியே இருந்தன. கீழே மங்கலாக ஒன்று, மேலே கருப்பாக ஒன்று. உள்ளேயும் வெளியிலும் சுவர் முழுக்க வெள்ளையடித்து, அந்த இரண்டு இடத்தை மட்டும் பட்டை பட்டையாக விட்டார்கள். அதோடு விடவில்லை. பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு ஏறின. பிரிட்ஜுக்கு மேடை கட்டினார்கள். சாக்கடைத் தண்ணீர் குழாய் வழியாக வீட்டுக்குள் எதிர்த்து வராமல் இருக்க ஒரு வால்வு. வாசல் நிலையில் இரண்டு பக்கமும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, மழைக்காலத்தில் செருகிக்கொள்ள ஒரு தடுப்புப் பலகை. அதன் ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டியது கணவர். ஒட்டிவிட்டு நாள் முழுக்கப் பழைய புத்தகக் கட்டுகளை அதன் மேல் பாரமாக வைத்திருந்தார். போனஸும், நாத்தனாரின் சீட்டுப் பணமும், அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகளும் இதில் போயின.

வெளிச்சுவர் வெளுத்த அன்று விசில் கேட்டது. வாசலில் தலைவர், அவருக்குப் பின்னால் அரைத் தெரு.

"என்னம்மா இது? நாங்க எல்லாரும் ஒரு மாதிரி இருக்கோம், நீ மட்டும் வெள்ளையா? நீ வெளுத்தா நாங்க அழுக்குன்னு தெரியாதா?"

"ஏற்கனவே தெரியும் தலைவரே. நம்ம தெருவுக்கு வெளியில என்ன பேர் தெரியுமா? பிரவுன் தெரு. நீங்க அடிக்கச் சொன்ன பெயிண்ட்தான் நமக்குப் பட்டம்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒருவர் நம்பினார், ஒருவர் நம்பவில்லை. ஒருத்தி, "உனக்கு பாலிசி வேணும்னா எங்க வயித்துல அடிப்பியா?" என்று அழுதே விட்டாள். ஆனால் அக்கா விடவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லுங்க. இங்க நிக்கறவங்கள்ல எத்தன பேர் வீட்டுக்கு இப்ப பாலிசி இருக்கு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மற்ற எல்லோருக்கும் இருக்கிறது, தனக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை என்று அத்தனை பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. தலைவர் விசிலைக் கையில் எடுத்தார், ஊதவில்லை, மறுபடி தொங்கவிட்டார். "என் வீட்டுப் பக்கம் வராத" என்று மட்டும் சொல்லிவிட்டு எதிர் வரிசையில் இருந்த தன் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து தெருவில் பாதிப் பேர் அக்காவிடம் பேசவில்லை. தினமும் காலையில் கை காட்டுகிற எதிர்வீட்டுக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவளுக்கு அது வலித்தது. காரில் வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தினாள்.

அந்தச் சின்னக் கம்பெனியின் சர்வேயர் மேடம் வந்தபோது வருஷம் முடியச் சில வாரங்களே இருந்தன. ஒல்லியான பெண்மணி, தோளில் ஒரு பை, காலில் ரப்பர் பூட்ஸ். வெயில் காய்கிற நாளிலும் அவர் பூட்ஸோடுதான் வருவாராம். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. எதிரே நின்ற நாத்தனாரைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்.

"இங்க தண்ணி வந்திருக்கா?"

பழக்க தோஷம் யாரை விட்டது? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், கொஞ்சம் ஈரம்தான்" என்றாள் நாத்தனார்.

அக்காவின் வலது கால் தரையைப் பலமாக மிதித்தது. அங்கே பிரேக் ஒன்றும் இல்லை. மேடம் அக்காவைப் பார்த்தார், சுவரில் இருந்த இரண்டு கோடுகளைப் பார்த்தார், பையின் ஜிப்பைத் திறக்காமல் அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது அழுகையும் சிரிப்புமாக வந்தது. "அய்யோ மேடம், பொய்! இத்தன வருஷமா சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போச்சு. வெள்ளம் மேடம்! இதோ, இது வரைக்கும் வெள்ளம். நான் அந்த மேசை மேல உக்காந்து செருப்பு பொறுக்கினேன். வேணும்னா மறுபடியும் ஏறிக் காட்டறேன்."

"வேணாம், நம்பறேன்" என்றார் மேடம். ஜிப் திறந்தது.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிளக் பாயின்ட்டுகளைப் பார்த்தார். வால்வுக்குள் டார்ச் அடித்தார். பலகையைச் செருகிக் காட்டச் சொன்னார். அண்ணனும் தங்கையும் எது மேல் பக்கம் என்று சண்டை போட்டுவிட்டுச் சரியாகவே செருகினார்கள். வெளியிலிருந்து ஒரு வாளி தண்ணீரை அடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. கணவர் முகத்தில் அச்சகத்துக்கே முதலாளியானது போல ஒரு களை.

அப்புறம் மேடம் கோட்டருகே போய் நின்று உதட்டைப் பிதுக்கினார். "ஒரு சிக்கல் இருக்கும்மா. இந்தக் கோட்ட விட்டு சுத்தி எல்லாம் நீங்களே சுரண்டி வெள்ளையடிச்சிருக்கீங்க. நிஜமா தண்ணி இதுக்கும் மேல வந்துச்சா, நீங்க கீழ இறக்கிக் காட்டறீங்களான்னு ஆபீஸ்ல கேப்பாங்க. நான் நம்பறேன், அது போதாது. பக்கத்துல இன்னொரு வீட்டுல இதே மட்டத்துல அடையாளம் இருந்தா எழுதிடுவேன். இல்லன்னா என்னால எழுத முடியாது."

அக்கா வாசலுக்கு வந்தாள். இரண்டு வரிசையும் பிரவுன். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன, கண்கள் அவளைப் பார்த்தன, யாரும் வெளியே வரவில்லை. யாரைக் கேட்பாள்? பேச்சே இல்லாதவர்களிடம் போய் உங்கள் சுவரைச் சுரண்டட்டுமா என்றா கேட்பது? இவ்வளவு தூரம் வந்து இங்கே போய் நின்றுவிட்டதே. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குச் சத்தம் வரவில்லை.

அப்போது விசில் கேட்டது.

எதிர்வீட்டுப் படியில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். கெடுக்க வருகிறார் என்றுதான் கணவரும் நினைத்தார், நாத்தனாரும் நினைத்தாள். தலைவர் தெருவைக் குறுக்கே கடந்து வந்து, அக்காவின் வீட்டுத் திண்ணையில் கிடந்த பைண்டிங் தகட்டை எடுத்துக்கொண்டு, திரும்பிப் போனார். தன் வீட்டு முன்சுவரில் குந்தி உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். பிரவுன் உதிர்ந்தது. அதற்கு அடியில் இன்னொரு பிரவுன். அதற்கும் அடியில் கருப்பாக ஒரு கோடு.

"வெள்ளம் மேடம்!" என்று அங்கிருந்தே கத்தினார். "எங்க தெருவுல வெள்ளம் வந்துச்சு! ரெண்டு தடவ வந்துச்சு! வந்து பாருங்க!"

மேடம் பையிலிருந்து ஒரு நீளமான கண்ணாடிக் குழாயை எடுத்தார். கண்ணாடி மாதிரித் தெரிகிற வெறும் பிளாஸ்டிக் குழாய்தான், கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பது. உள்ளே தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை அக்காவிடம் கொடுத்து அவள் வீட்டு வெளிச்சுவரின் மேல்கோட்டருகே பிடிக்கச் சொன்னார். மறு முனையைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போய்த் தலைவரிடம் கொடுத்தார். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் குழாயைப் பார்த்து நின்றார். ஜன்னல்களில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள். வாசலுக்கு வந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அடங்கியது. அக்கா பக்கத்தில் அது கோட்டில் வந்து நின்றது.

"இங்க சரியா நிக்குது! அங்க?" என்று அக்கா கத்தினாள். குரல் திரும்பி வந்துவிட்டது.

"கோட்டு மேல! அச்சு அசல் கோட்டு மேல!" என்றார் தலைவர்.

மேடம் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தார். போட்டோ எடுத்தார். "தண்ணியே சாட்சி சொல்லிடுச்சு. இனிமே யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றார். நாத்தனார் கை தட்டினாள். யாரோ சேர்ந்து தட்டினார்கள். அன்று வாசலில் அழுதவள்கூட.

குழாயைச் சுருட்டும்போது அக்கா தலைவரிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏன் தலைவரே?"

அவர் தகட்டில் ஒட்டியிருந்த பெயிண்டை விரலால் வழித்தார். "பையன்கிட்டப் போய் இருக்கலாம்னு வீட்ட விக்கப் பாத்தேன். வாங்க வந்தவங்க நல்ல ஜனங்க. விலைகூடப் பேசியாச்சு. அவங்க பேங்க்ல பாலிசி கேட்டாங்க. எங்கேயும் கிடைக்கலன்னு நேத்து வந்து முன்பணத்தத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. அவங்க சொன்ன காரணம் என்ன தெரியுமா? பிரவுன்." தகட்டை அவளிடம் நீட்டி, "நீ சொன்னப்ப கேட்டிருக்கணும்மா" என்றார்.

"விடுங்க தலைவரே. பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். சுரண்டறதுக்குள்ள உயிர் போயிடுச்சு" என்றாள் அக்கா. அவர் சிரித்தார்.

பாலிசி வந்தது. சும்மா ஒன்றும் வரவில்லை. பிரீமியம் பழையதைவிட அதிகம். சின்னச் சின்ன சேதத்துக்கெல்லாம் கம்பெனி தராது, முதல் பங்கு நம் கையிலிருந்து போக வேண்டும். பலகையைத் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் செருகாவிட்டால் செல்லாது என்று ஒரு நிபந்தனை. அக்கா எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தாள். "வெள்ளம் உட்பட" என்று இருந்த இடத்தை மட்டும் நாத்தனாரை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னாள், கணவரை விட்டு ஒரு தடவை, கடைசியில் தானே ஒரு தடவை. பேங்க்குக்கு மூன்று பேரும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். மேனேஜர் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவுக்கா? எப்படிம்மா வாங்கினீங்க?" என்றார்.

"உண்மையச் சொல்லி" என்றாள் அக்கா. அன்று அவள் சாப்பிட்ட சாப்பாட்டை நாத்தனார் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

சர்வேயர் மேடத்தின் போன் நம்பர் கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா யாரிடமும் பழசைக் கிளறவில்லை. நம்பரோடு தடுப்புப் பலகை செய்த ஆசாரியின் நம்பரையும், ரப்பர் ஒட்டக் கணவரையும் சேர்த்தே கொடுத்தாள். எல்லோருக்கும் கிடைத்தது என்று சொல்ல முடியாது. வாய்க்காலை ஒட்டி இருந்த ஒரு வீட்டுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்காகத் தலைவர் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார், விசிலோடு. தெரு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வகுப்புகளை நிறுத்திவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். பலகையைச் செருகினாள். வாய்க்கால் நிரம்பித் தெருவில் தண்ணீர் திரண்டு, தெருக்கோடியைத் தேடிக்கொண்டு மெதுவாக வந்தது. முதல் படியைத் தொட்டது. இதே தண்ணீரைப் பார்த்து அவள் குலை நடுங்கிய காலம் உண்டு. பலகைக்கு மேலே எட்டிப் பார்த்து, எதிர்வீட்டில் அதே மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தலைவருக்கும் கேட்கிற மாதிரி, அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்தா வா. என் வீட்டுப் பேப்பர்ல உன் பேரும் எழுதியிருக்கு. இது என் வீடு. நான் எங்கேயும் போகமாட்டேன்."